ஆயிரமாவது மூளை

ஃபைலுக்குப் பெயர் வைக்கும்போது நடுவில் இடைவெளி விடுகிறவர்களை எனக்குக் கட்டோடு பிடிக்காது. ஏழு ஆஸ்பத்திரிகளிலிருந்து மூளைப் படங்கள் வரும். ஏழு பேரும் தேதியை ஏழு விதமாக எழுதுவார்கள். அதையெல்லாம் ஒரே மாதிரியாக்கி, பெயரை எடுத்துவிட்டு எண் போட்டு, மூளையில் எது எதோடு பேசுகிறது என்று வரைபடம் போடும் ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்புவது என் வேலை. கதவில் ஒருங்கிணைப்பாளர் என்று பலகை. பெருக்கித் துடைக்கிறவன் என்றால் இன்னும் பொருத்தம்.

நீங்கள் கேட்டதற்கு வருகிறேன், சார்.

நிதி தருகிறவர்களுக்கு மாதக் கடைசிக்குள் ஆயிரம் ஆரோக்கியமான மூளை வேண்டும். ஒன்று குறைந்தாலும் அடுத்த ஐந்தாண்டுப் பணம் கிடையாது. எங்கள் நாற்பது பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நின்றோம். வருவதாகச் சொன்ன ஆள் கம்பி நீட்டிவிட்டார். என் தங்கையைக் கூப்பிட்டேன்.

"சின்ன வயசிலேர்ந்து என் மண்டையில ஒண்ணுமில்லேன்னு சொல்லுவியேண்ணா, இப்ப படம் புடிச்சுப் பாத்துக்கோ" என்றபடி மெஷினுக்குள் போய்ப் படுத்தாள். ஒரு மணி நேரம் இடி இடிக்கிற சத்தம். வெளியே வந்து, "உன் குறட்டைக்கு இது தேவலாம்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து, படம் பார்த்த டாக்டரின் குறிப்பு வந்தது. இடப்பக்கம் சிறிய கட்டி, உடனே தெரிவிக்கவும். விதிப்படி மூன்று நாளில் அவளிடம் சொல்ல வேண்டும். சொன்ன அன்றே அவள் ஆரோக்கியமானவர்கள் பட்டியலிலிருந்து நீங்குவாள். விதியை எழுதியதே நான்தான்.

குறிப்பை 'நிலுவை' ஃபோல்டரில் போட்டேன். அழிக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நிதிக் கடிதம் வந்ததும் சொல்லிவிடலாம் என்றுதான். பத்து நாளில் வர வேண்டிய கடிதம் பதினோரு வாரம் எடுத்துக்கொண்டது. அந்தத் தாமதம் என்னுடையதல்ல.

நடுவில் ஒரு நாள், "தலை விண்ணுவிண்ணுன்னு தெறிக்குதுண்ணா" என்றாள்.

"கண்ணாடி பவர் ஏறியிருக்கும்" என்றேன். நானே கூட்டிப்போய்ப் புதுக் கண்ணாடி போட்டுவிட்டேன். அவளுக்கு அது எடுப்பாக இருந்தது.

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கேக் வெட்டினோம். திங்களன்று சொல்வதாக இருந்தேன். ஞாயிறு, துணி காயப்போடும்போது விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "முன்னாடி ஸ்கேன் ஏதாவது எடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"மச்சான் ஆபீஸ் வேலைக்காக எடுத்தாங்க. ஒண்ணுமில்லதானே மச்சான்?" என்று அவள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சுத்தமா இருந்துச்சு" என்றேன்.

பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். "தெரிஞ்சிருந்தா நீங்க விட்டிருப்பீங்களா மச்சான்" என்று என் தோளில் சாய்ந்து அழுதார் மாப்பிள்ளை. நானும் அழுதேன். நடிப்பில்லை, சார்.

மூளைப் படத்தில் முகமும் பதிவாகிவிடும்; வெளியே அனுப்புமுன் அதை அழித்துவிடுவோம், ஆள் அடையாளம் தெரியக்கூடாது என்று. அவள் முகத்தையும் நான்தான் அழித்தேன். மூக்கு நுனியை மட்டும் விட்டுவைத்தேன். இத்தனை வருட வேலையில் நான் மீறிய விதி அது ஒன்றுதான். தினமும் திறந்து பார்க்கிறேன்.

எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன்; காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். பட்டியலில் அவள் இன்னும் ஆரோக்கியமான பெண், வயது முப்பத்தெட்டு. நீக்கச் சொல்லி உத்தரவோடு வந்திருக்கிறீர்கள். கண்டிப்பாக நீக்கிவிடுகிறேன், சார். அடுத்த மாதம் நிதிக்காரர்கள் பார்வையிட வருகிறார்கள். அது மட்டும் முடியட்டும்.