நடுச்சுவருக்கு எதுக்குப் பஞ்சு?

— அதைத் தொடாதீங்க அத்தை. கை அரிக்கும்.

— பஞ்சுன்னுதானே சொன்னீங்க மாப்பிள்ளை... பஞ்சு எங்கயாவது அரிக்குமா?

— பேருதான் பஞ்சு. கண்ணாடியை உருக்கி நூல் நூலா இழுத்தது. சுவத்துக்கும் பலகைக்கும் நடுவுல வெச்சு அடைச்சிட்டா வெளி வெக்கை உள்ள வராது.

— நான்தான் இந்த ரூமை அடைக்கவே வேணாம்னு சொன்னேனே.

— ஊர்ல பாதி வீட்டுக்கு நான் அடைச்சுக் குடுக்கறேன். என் வீட்டுல மாமியார் மத்தியானம் பூரா ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா எனக்கு எப்படி இருக்கும்?

— எனக்கு ஈரத்துண்டு புடிக்கும்... சரி, கண்ணாடியை உருக்கணும்னா உலை எரியணுமே?

— நல்லாவே எரியும்.

— இந்த ரூம் குளிரறதுக்கு எங்கயோ ஒரு உலை எரியணுமா?

— அது ஒரு தடவை எரியறது அத்தை. இங்க வருஷக்கணக்கா ஏசி ஓடாம... க்ஹும்... இருங்க, தூசு... ஓடாம இருக்கும்ல, அதுல ஈடாயிடும்.

— தண்ணி குடிங்க முதல்ல. வாயில ஒரு துணி கட்டிக்கக் கூடாதா?

— பழகிடுச்சு.

— நாளைக்கு வீட்டை இடிச்சா இது எங்க போகும்?

— குப்பை மேட்டுக்கு.

— அங்க மக்குமா?

— கண்ணாடி எங்க மக்கும்... விடுங்க, தெர்மாகோல் போட்டுடறேன். அரிக்கவும் அரிக்காது.

— பக்கத்து வீட்டுக்காரங்க பிரிச்சுப் போட்டாங்களே, அதுவா? முத்து முத்தா உதிர்ந்து சாக்கடை வரைக்கும் போச்சு. தீனின்னு நெனச்சு கோழிங்க கொத்திக்கிட்டு நின்னுது பாவம். என் பேத்தியோட பேத்தி காலத்துலயும் அது அங்கயேதான் கிடக்கும்.

— முதல்ல ஒரு பேத்தி வரட்டும் அத்தை.

— அது என் கையிலயா இருக்கு? ஆமா, பீச்சினதும் பொங்கிக்கிட்டு வருமே ஒரு நுரை, அது?

— அதுல சில வகைக்கு ஒரு கேஸ் போடுவாங்க. அது வானத்துல போய்ப் போர்வை மாதிரி நின்னுக்கும், பூமியே புழுங்கும். அதை நான் தொடறதில்ல.

— பாத்தீங்களா, வெக்கையை நிறுத்தப் போய் இன்னொரு வெக்கை.

— இவ்வளவு கேள்வி எந்த வீட்டுலயும் எனக்கு வந்ததில்ல. எங்க படிச்சீங்க?

— சும்மாதானே உக்காந்திருக்கேன். போன்ல பாக்கறேன்.

— சரி, கடைசியா ஒண்ணு. பழைய நியூஸ்பேப்பர். அதை அரைச்சு, பூச்சியும் தீயும் அண்டாம ஒரு உப்பைக் கலந்து அடைப்போம். உலை கிடையாது. வேணாம்னு போட்ட பேப்பர்தான். இதுல என்ன குத்தம் சொல்லப் போறீங்க?

— எலி வரும்.

— உப்பு கலந்திருக்குன்னேனே.

— ம்... நல்லாத்தான் இருக்கு. மேக்குச் சுவத்துக்குப் போடுங்க. கூரைக்குப் போடுங்க. நடுச்சுவரு மட்டும் வேணாம்.

— அதுக்கும் போட்டாத்தான் முழுசா...

— வெயில் படறது மேக்குச் சுவத்துல. நடுச்சுவத்துக்கு அந்தப் பக்கம் உங்க ரூம். அங்க எந்தச் சூரியன் உதிக்குது?

— சத்தம் வராதுல்ல... நீங்க நிம்மதியாத் தூங்கலாம்.

— நிம்மதியாத் தூங்கணும்னு யாரு கேட்டா?

— தப்பா நினைக்காதீங்க அத்தை. காலையில இருந்து எதை எடுத்தாலும் நொட்டை சொல்றீங்க. நிஜமாவே குப்பைக்கும் கேஸுக்கும்தானா?

— அதுவும்தான். பாக்கப் பாக்க பயமாத்தான் இருக்கு.

— அப்புறம்?

— ஒரு வாரம் இருந்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன். இன்னும் ஏன் போகலன்னு நீங்க கேக்கல, அது உங்க பெரிய மனசு... என் பொண்ணு ராத்திரியில இருமறா மாப்பிள்ளை. தலகாணியில வாயை அமுக்கிக்கிட்டு இருமறா. காலையில கேட்டா ஒண்ணுமே இல்லம்மான்னு சிரிக்கிறா. என்கிட்ட மறைக்கிறா. அந்தச் சுவரையும் அடைச்சிட்டா எனக்கு எப்படித் தெரியும்?

— அது வந்து அத்தை...

— ஏன் இழுக்கறீங்க? டாக்டர் ஏதாவது சொன்னாரா? எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க, நான் தாங்கிக்குவேன்.

— உங்க காதுல விழக் கூடாதுன்னுதான் நடுச்சுவரையும் சேத்து அடைக்கப் பாத்தேன். உங்க பொண்ணு படுத்தா, இடியே விழுந்தாலும் அசைய மாட்டா அத்தை... இருமறது நான்.