பொதுத் தண்டவாளம்

எங்கள் ரயில் நிலையத்தில் கழிப்பறை இரண்டு. ஒன்று அரசு ரயிலுக்கு, ஒன்று உள்ளூர் ரயிலுக்கு. அரசு ரயில் கழிப்பறையில் கண்ணாடி உண்டு, சோப்பு உண்டு, கதவில் பூட்டும் உண்டு. டிக்கெட்டைக் காட்டினால்தான் திறந்துவிடுவார்கள். எங்கள் பக்கத்துக் கழிப்பறையில் கதவே ஒழுங்காகச் சாத்தாது. மற்றபடி வயிற்றுக் கோளாறு இரண்டு பக்கத்து ஆளுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது.

போன வியாழக்கிழமை நடந்ததை இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நீங்கள் விபத்து என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஸ்டேஷன் மாஸ்டர் மனைவி ரோமில்தா அம்மாள், மாலை நாலேகால் மணிக்கு, பொதுத் தண்டவாளத்தில் நடந்து போகையில் வேகன் மோதி இறந்தார், விபத்து. நான் பள்ளிக்கூடத்தில் மூன்று வருடம்தான் உட்கார்ந்தேன். ஆனாலும் அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரியும். அது தப்பு. அதைத் திருத்தத்தான் நானாக நடந்து வந்தேன், யாரும் என்னை இழுத்து வரவில்லை. அதையும் எழுதுங்கள். பேச்சைப் பிடிக்கிற அந்தப் பெட்டியை அணைத்துவிட்டுக் கையால் எழுதுங்கள். பக்கம் முடிந்ததும் வாசித்துக் காட்டுங்கள். எழுதுகிறவர்கள் நடுவில் எதையெல்லாம் நுழைப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பெயர் இப்பாசியோ. வயது அறுபத்தாறு. முப்பத்தெட்டு வருடமாக உள்ளூர் ரயிலின் கைகாட்டிக் கேபினில் வேலை.

ரோமிலிருந்தும் மிலானிலிருந்தும் வருகிற அரசு ரயில்களுக்கு நாலு நடைமேடை. கிராமங்களுக்குப் போகிற எங்கள் இரண்டு பெட்டி வண்டிக்கு ஒன்று, அதுவும் கடைசியில். நடுவில் இரும்பு வேலி, வேலியில் ஒரு சின்னக் கதவு. ஆனால் நிலையத்துக்குள் நுழைகிற கடைசி அரைக் கிலோமீட்டர் எல்லாருக்கும் ஒரே தண்டவாளம்தான். அதைக் கழுத்து என்போம். இரண்டு பக்கமும் பாறையை வெட்டின சுவர், நடுவில் ஒரு வளைவு. கழுத்தின் மறுமுனையில் எண்ணெய்க் கிடங்குக்குப் பிரிகிற பாதை இருக்கிறது. அந்தப் பாதை பூட்டிக் கிடக்கும். சாவி என்னிடம். அரசு ரயில்காரர்களின் எஞ்சின் ஆலிவ் எண்ணெய் வேகன்களை உள்ளே தள்ளவோ வெளியே எடுக்கவோ வேண்டுமென்றால், அவர்களுடைய ஆள் வேலியைத் தாண்டி என் கேபினுக்கு வந்துதான் ஆக வேண்டும். அது என் அப்பா காலத்து ஒப்பந்தம். அவர்களிடம் மற்ற எல்லாம் இருந்தது, எங்களிடம் அந்த ஒரு சாவி இருந்தது.

கேட்பதற்கு ஒரு முறை உண்டு. வாசலில் நின்று தொப்பியைக் கழற்றி, "உங்க அனுமதியோட" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். யாரும் காலில் விழச் சொல்லவில்லை.

டூரினிலிருந்து எர்மீனியோ ஸ்டேஷன் மாஸ்டராக வந்த பிறகு அதை நிறுத்தினான். அவன் என்றே எழுதுங்கள், அவர் என்று திருத்த வேண்டாம். தன் ஆட்கள் சீருடையில் இருக்கும்போது யாருக்கும் தொப்பி கழற்றக் கூடாது என்று தாளில் அச்சடித்து ஒட்டினான். அதோடு, முதலில் எஞ்சினைக் கழுத்துக்குள் அனுப்பிவிட்டுப் பிறகு சாவி கேட்கிற வழக்கத்தையும் கொண்டுவந்தான். கொடுக்காமல் எங்கே போவான் என்கிற நினைப்பு.

மூன்று வருடத்துக்கு முன்னால், பிப்ரவரி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினொன்று இருபதுக்கு எஞ்சின் கழுத்துக்குள் போய்க் கிடங்குப் பிரிவில் நின்றது. சாவி கேட்க வந்தவன் ஊச்சோ. அவன் அரசு ரயிலில் வேகன் கோக்கிறவன், என் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பன், அந்த உறவில் நாங்கள் ஒருவரையொருவர் கும்பாதிரி என்போம். இருபது வருடம் ஒரே மேசையில் சாப்பிட்டவன், அன்றைக்குத் தொப்பியோடு வந்து நின்றான்.

"கும்பாதிரி, சாவியக் குடு. எஞ்சின் நடுவழியில நிக்குது."

"ஒந் தலையில என்ன, புண்ணா? தொப்பி ஒட்டிக்கிச்சா?"

"வெளையாடாத. மேல ஜன்னல்லேருந்து மாஸ்டர் பாத்துக்கிட்டு நிக்கிறான்."

"பாக்கட்டும். அதுக்குத்தான அவனுக்கு ஜன்னல் வச்சுக் கட்டியிருக்கு."

"வெளிய கைகாட்டியில நிக்கிறது ஒங்க வண்டி. உள்ள இருக்கிறது ஒங்க சனம்."

"எங்க சனத்துக்குக் காத்திருந்து பழக்கம்."

நான் காப்பி போட்டேன். அவனுக்கும் ஒரு கோப்பை வைத்தேன், அவன் தொடவில்லை. நான் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சாவியைக் கொடுத்தேன். தொப்பி கடைசி வரைக்கும் அவன் தலையில்தான் இருந்தது. நான்தான் இறங்கிப் போனேன். அதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை.

எங்கள் வண்டி பதினோரு நிமிடம் தாமதமாக உள்ளே வந்தது. அதில் என் மனைவி தொனாத்தா இருந்தாள்.

அவள் முதல் நாளே தங்கை வீட்டுக்குக் கிராமத்துக்குப் போயிருந்தாள். காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளாம். எங்கள் ஊர் ஆஸ்பத்திரியை அப்போதே மூடிவிட்டார்கள். ஆம்புலன்ஸ் நகரத்திலிருந்து வந்து திரும்புவதற்குள் எங்கள் நிலையத்துப் பதினொன்று நாற்பது விரைவு ரயில் நகரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று கிராமத்து டாக்டர் சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டிருக்கிறார். கணக்குச் சரிதான், ஆம்புலன்ஸைவிட அரை மணி நேரம் மிச்சமாகும். எனக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. அப்படியும் எங்கள் வண்டி வந்து நின்றபோது அரசு ரயில் நடைமேடையில்தான் இருந்தது. இரண்டு பெண்கள் அவளைக் கைத்தாங்கலாக வேலிக் கதவுக்குக் கூட்டி வந்தார்கள். எர்மீனியோ, ரயிலைக் கிளப்பத் தூக்கிக் காட்டுகிற பச்சைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். பார்த்தான். மணியைப் பார்த்தான். தட்டைத் தூக்கினான். ரயில் போனது.

ஒரு நிமிடம். அவர்கள் வேலிக் கதவிலிருந்து ரயிலுக்கு வர அவ்வளவுதான் ஆகும். நான் பிறகு நடந்து பார்த்தேன்.

தொனாத்தாவைப் பெஞ்சில் படுக்க வைத்தார்கள். ரோமில்தா அம்மாள் மாடி வீட்டிலிருந்து தலையணை கொண்டு வந்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நல்ல தலையணை. நான் கேபினைப் பூட்டிவிட்டு ஓடி வந்தபோது தொனாத்தாவுக்குப் பேச்சில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது தேவைப்படவில்லை.

இதோ நீங்கள் எடுத்து வைத்திருக்கிற இந்தப் பழைய காகிதம் எனக்குத் தெரியும். அன்றைய தாமதத்துக்குக் காரணம் கைகாட்டிப் பழுது என்று எர்மீனியோ எழுதிக் கையெழுத்துப் போட்டது. கைகாட்டி அன்றைக்கு நன்றாக வேலை செய்தது. பொய். அடக்கம் முடிந்த மறுநாள் ஊச்சோ வீட்டுக்கு வந்தான். தொப்பி கையில் இருந்தது, அப்போது.

"அந்த ஆளு ஒன்னக் காப்பாத்தத்தான் அப்படி எழுதினான், கும்பாதிரி. நெசத்த எழுதியிருந்தா ஒன் வேல போயிருக்கும். வேல மட்டுமா போயிருக்கும்?" என்றான்.

அவனை வெளியே போகச் சொன்னேன். அதற்குப் பிறகு அவனோடு பேச்சில்லை. என்னைக் காப்பாற்றுகிற அளவுக்கு நான் என்ன செய்தேன்? தான் தட்டைத் தூக்கியதை யாரும் கேட்கக் கூடாதென்று எர்மீனியோ ஒரு கைகாட்டியின் மேல் பழியைப் போட்டான். அந்தக் காகிதத்தைக் கொண்டே என் வாயையும் அடைத்துவிட்டான். யாரிடம் போய்ச் சொல்வேன்? எந்தக் காகிதத்தைக் காட்டுவேன்? படித்தவர்கள் இப்படித்தான் செய்வார்கள். கத்தி எடுக்க மாட்டார்கள், பேனா எடுப்பார்கள்.

அடுத்த மூன்று வருடம் அவன் தினமும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தலையசைத்தான். நான் அசைக்கவில்லை. சிக்கனம் என்று ஊச்சோவை முன்கூட்டியே ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினான். எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும்போது முதல் வேகனில் ஒரு ஆள் நின்று பாதையைப் பார்க்க வேண்டும். அந்த ஆளையும் நிறுத்திவிட்டான். இதையும் எழுதுங்கள், இது அவன் போட்ட உத்தரவு.

இனி வியாழக்கிழமை.

எங்கள் வண்டியைத் தவற விட்டவர்கள் என்ன செய்வார்கள் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கழுத்துக்கு அப்பால் முதல் நிறுத்தத்தில் எதிர் வண்டிக்காக அது பத்துப் பன்னிரண்டு நிமிடம் நிற்கும். கழுத்து வழியாகத் தண்டவாளத்தில் வேகமாக நடந்தால் பிடித்துவிடலாம். சட்டப்படி கூடாது. பாதிரியார் முதற்கொண்டு எல்லாரும் போவார்கள். போவதற்கு முன்னால் என் கேபின் கொக்கியைப் பார்ப்பார்கள். கழுத்தில் எஞ்சின் இருந்தால் கொக்கியில் சிவப்புத் துணி தொங்கும். துணி இல்லையென்றால் போகலாம்.

ரோமில்தா அம்மாள் வியாழக்கிழமைதோறும் அடுத்த கிராமத்துக் கன்னியர் மடத்துக்குத் தையல் சொல்லிக்கொடுக்கப் போவார். அன்றைக்கு நகரத்தில் துணி வாங்கிவிட்டு அரசு ரயிலில் வந்தார். அது ஆறு நிமிடம் தாமதம். எங்கள் வண்டி போய்விட்டது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

நான் நாலு மணிக்கே சாவியைக் கொடுத்திருந்தேன். எஞ்சின் கிடங்குக்குள் இருந்தது. நாலு காலி வேகன்களைத் தள்ளிக்கொண்டு எந்த நிமிடமும் நிலையத்துக்குத் திரும்பும். சிவப்புத் துணியைக் கொக்கியில் மாட்டியிருந்தேன். அந்தம்மா பையோடு வேலிக் கதவைத் திறப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நடைமேடை நீளம் முழுக்க அவர் நடந்து வர வேண்டும். நேரம் இருந்தது. எழுந்து வெளியே போய்த் துணியை எடுத்தேன். நாலாக மடித்தேன். இழுப்பறையில் வைத்தேன். துணி அழுக்காக இருந்தது என்று உங்களிடம் சொல்லலாமா என்று வருகிற வழியில் யோசித்தேன். அழுக்காக இல்லை. திங்கள்கிழமைதான் துவைத்தேன்.

அந்தம்மா கேபின் வாசலில் வந்து நின்றார். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார்.

"உங்க அனுமதியோட, இப்பாசியோ ஐயா. வண்டி அங்க நிக்குதுங்களா?"

"நிக்குதும்மா. இன்னும் ஏழு எட்டு நிமிஷம் நிக்கும்."

"கொக்கியில துணி இல்லையே. போலாங்களா?"

"துணி இல்லன்னா போலாம்னுதான் அர்த்தம்."

"புண்ணியமாப் போகும் உங்களுக்கு. பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும்."

நான் சொன்னதில் பொய் இருக்கிறதா, தேடிப் பாருங்கள். வண்டி நின்றது. துணி இல்லையென்றால் போகலாம் என்பது வழக்கம். எர்மீனியோ வந்த நாளிலிருந்து வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்து என்னிடம் முறையாகக் கேட்டது அந்தம்மா ஒருவர்தான். அதை நான் கவனித்தேன். கவனிக்காமல் இல்லை.

அவர் வளைவுக்குள் போகும்வரை ஜன்னலில் நின்றேன். காற்று நிலையத்துப் பக்கமிருந்து கிடங்குப் பக்கமாக அடித்தது. இறக்கத்தில் எஞ்சின் சத்தம் பெரிதாக இருக்காது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் அவர் ஒரு நிமிடம்போல நடந்தார். ஆமாம், ஒரு நிமிடம். சுவர்க் கடிகாரத்தில் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பிறகு வேகன்கள் வளைவிலிருந்து வெளியே வந்தன. ஓட்டுநருக்கு எதுவும் தெரியவில்லை, நிலையம் வரைக்கும் வந்துவிட்டார். அவரை ஒன்றும் செய்யாதீர்கள். முன்னால் ஆள் இல்லாமல் ஓட்டச் சொன்னது யார் என்று ஏற்கனவே எழுதியிருக்கிறீர்கள்.

துணியை மறுபடியும் மாட்டினேன். அதனால்தான் நீங்கள் வந்து பார்த்தபோது அது கொக்கியில் இருந்தது, நீங்களும் விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். பாவம் அந்தம்மா துணியைப் பார்க்கவில்லை போல என்று ஊர் பேசுகிறது. பார்த்தார். கொக்கியை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எர்மீனியோ நேற்று என் வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். உங்கள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, போலீஸிடமும் சொல்லிவிட்டேன், பயப்பட வேண்டாம் என்றான். இரண்டாவது தடவை. எனக்குக் காகிதம் எழுதிக் கொடுக்க அவன் யார்? அதனால்தான் காலையில் முதல் ஆளாக இங்கே வந்தேன். நான் செய்ததை நான் செய்தேன் என்று எழுதுங்கள். துணியை எடுத்தது என் கை, போலாம் என்றது என் வாய். ஆனால் அவன் பெயரைத்தான் முதலில் எழுத வேண்டும். ஆரம்பித்தவன் அவன்.

தலையைத் தூக்கி அப்படிப் பார்க்காதீர்கள். பதினோரு நிமிடத்தைத்தான் நீங்களும் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஊச்சோ மாதிரி. வண்டியில் தொனாத்தா இருப்பது தெரிந்திருந்தால் சாவியை உடனே கொடுத்திருப்பேனா என்று கேட்கிறீர்கள். இதென்ன கேள்வி? கேட்கிற முறையில் கேட்டிருந்தால், யாருக்கு வேண்டுமானாலும் கொடுத்திருப்பேன்.