ஐந்தாம் அங்கத்தில் ஒரு மன்னிப்பு

காபியைக் கொட்டியது நான்தான். இந்த விவகாரத்தில் நான் வேண்டுமென்றே செய்யாத காரியம் அது ஒன்றுதான் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். டம்ளரைத் தட்டிவிடுவதில் எனக்கு நீண்ட அனுபவம். இந்தப் பயிற்சி நிலையத்தின் நிர்வாகியாகிய உங்களுக்கு என் மேசையின் பழுப்பு நிறம் தெரிந்ததே. எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

நனைந்தது அந்த மாணவியின் புத்தகம். இலக்கியப் படிப்புக்கான உதவித்தொகைத் தேர்வுக்குப் பாடமாக வைத்திருந்த பழைய பழிவாங்கல் நாடகம். வேறு புத்தகம் தருகிறேன் என்றேன். "பரவாயில்ல சார், மேசையும் கொஞ்சம் படிக்கட்டும்" என்றாள். எனக்கு அவளை அப்போதே பிடித்துவிட்டது.

மின்விசிறிக்கு அடியில் வைத்துக் காயவைத்தபோதுதான் முதல் பக்கத்தைப் பார்த்தேன். 'என் மகளுக்கு' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தின் வால் திரும்பி வந்து மொத்தப் பெயரையும் அடிக்கோடிடும். அந்த வாலை நான் இருபத்திரண்டு வருடமாக அறிவேன். என் பீரோவில் இருக்கும் ஒரு கடிதத்திலும் அது உண்டு. தேர்வு அறையைக் கண்காணித்த வேதியியல் பேராசிரியர் எழுதி, துண்டுச்சீட்டு வைத்திருந்ததற்காக என் தம்பியை மூன்று வருடம் தேர்வெழுத விடாமல் தடுத்த கடிதம். அப்பா என்ன செய்கிறார் என்று அவளிடம் சாதாரணமாகக் கேட்டேன். வேதியியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றாள். அவரேதான்.

வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவன் என் தம்பி. அதன்பின் புத்தகத்தைத் தொடவில்லை. இன்று ஒரு சின்னக் கடையில், எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கம்பி சுற்றுகிறான். சீட்டு அவனுடையதா என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். "விடுண்ணே" என்பான். குற்றமில்லாதவனின் வலி அது என்று நானே முடிவு செய்தேன். இலக்கியம் படித்தவனுக்கு மௌனத்துக்குப் பொருள் சொல்வது கைவந்த கலை.

நாடகத்தை நீங்கள் படித்திருக்க வாய்ப்பில்லை. அண்ணனைக் கொன்ற தளபதியைப் பழிவாங்க நாலு அங்கம் அலைகிறான் ஒருவன். ஐந்தாவதில் தளபதியை விட்டுவிட்டு, ஒன்றும் அறியாத அவன் மகளைக் கொல்கிறான். கேள்வி பெரும்பாலும் அந்த இடத்திலிருந்துதான் வரும். ஆனால் சிறுவர்களுக்காகச் சுருக்கிய பழைய பதிப்பு ஒன்று என்னிடம் இருந்தது. பிள்ளைகள் பயந்துவிடக் கூடாதென்று அதில் முடிவையே மாற்றியிருந்தார்கள். நாயகன் தளபதியை மன்னித்து, கட்டிக்கொண்டு அழுகிறான்.

நனைந்த புத்தகத்தின் தாள்கள் ஒட்டிப்போய்விட்டன என்று அவளிடம் சொல்லி, அதற்குப் பதிலாக முதல் நாலு அங்கத்தை மூலத்திலிருந்தும் ஐந்தாவதை அதிலிருந்தும் நகலெடுத்து, அழகாகத் தைத்துக் கொடுத்தேன். கடையில் விற்கும் நோட்ஸ் எதையும் தொடாதே, எல்லாம் பிழை என்றேன். தொடவில்லை. நம் மாணவர்களின் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆசிரியர் கொடுத்த தாள்தான் அவர்களுக்கு மூலம்.

அவளுக்கு மட்டும் தனியாக எட்டு மாதம் நடத்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக எதையும் நடத்தியதில்லை. மன்னிப்பைப் பற்றி நான் பேசியதைக் கேட்டிருந்தால் நீங்களே எனக்குச் சம்பளம் உயர்த்தியிருப்பீர்கள். எனக்கு இருமல் வந்தபோது மாத்திரை வாங்கி வந்தாள். "அவன் மன்னிச்சிட்டான்னு நீங்க சொன்னப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு சார்" என்றாள். எனக்கும் கண் கலங்கியது. ஆனாலும் அடுத்த வகுப்பில் அதே தாளைத்தான் மீண்டும் மனப்பாடம் செய்யச் சொன்னேன்.

கேள்வி நான் நினைத்தபடியே வந்தது. நாயகனின் இறுதிச் செயலை ஆராய்க, நாற்பது மதிப்பெண். பதினொரு பக்கம் எழுதினாளாம். திருத்தியவர் முதல் பக்கத்திலேயே குறுக்குக்கோடு போட்டுவிட்டார். உதவித்தொகை போயிற்று. அவள் இப்போது அறையை விட்டு வெளியே வருவதில்லை என்று அவள் அப்பா உங்களிடம் வந்து சொன்னார். நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டேன். அவர் குரல் உடைந்தபோது எனக்கு நிறைவாக இருந்தது. மறைக்க விரும்பவில்லை.

அந்தச் செய்தியை இனிப்புப் பொட்டலம்போல் தம்பியின் கடைக்குக் கொண்டுபோனேன். கழற்றிய மோட்டார் ஒன்றைக் காலிடுக்கில் வைத்துக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன். சுற்றுவதை நிறுத்தினான்.

"அந்தப் பொண்ணு உனக்கு என்னண்ணே பண்ணுச்சு?"

"உனக்காகத்தான்டா" என்றேன். "இப்பவாவது வாயத் திறந்து சொல்லு. அந்தச் சீட்டு யாரோடது?"

கையை அழுக்குத் துணியில் மெதுவாகத் துடைத்தான். இருபத்திரண்டு வருடத்தில் முதன்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தான்.

"என்னோடதுதான். பிடிக்கறதுக்கு முன்னாடி, போய் முகம் கழுவிட்டு வாடான்னு அந்த சாரு ரெண்டு தடவ என்னை வெளிய அனுப்பினாரு. ரெண்டு தடவையும் சீட்டோடதாண்ணே திரும்பி வந்தேன்."