சுவரில் சாய்ந்த தலைகள்

அறுபதுகளில் ஒரு காலை, கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பாசஞ்சரில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்த ரயில்வே போர்ட்டர் தன் மச்சானிடம் சொல்லிக்கொண்டு வந்தார்.

“எங்க கிளார்க்கு அட்டையில எங்க ஸ்டேஷனையே செஞ்சிருக்காரு. தலையெண்ணெய்க் கறைகூட அதுல இருக்கு மச்சான்.”

“கறையா மாமா?”

“பெஞ்சுக்குப் பின்னால கல்லுச் சொவுத்துல ஜனங்க தல சாஞ்சு சாஞ்சு கருத்துக் கெடக்குல்ல? பெயிண்டுல வெளக்குக் கரியக் கொழச்சு, பஞ்சால ஒத்தி ஒத்தி அப்படியே கொண்டாந்துட்டாரு. தரைக்கிட்ட ஒரு கறை மட்டும் தனியா இருக்கு.”

“அது யாரு?”

“நாந்தான். டூட்டியில குந்திக்கினு தூங்குற எடம்.”

“ஐயய்யோ, நாளைக்கு அதப் பாக்க ஆபீசர் வராருன்னீங்களே! அழிக்கச் சொல்லலையா?”

“சொல்லத்தான் போனேன். கிட்டக் குனிஞ்சு பாத்தேன். அவ்ளோ ஜோரா வந்திருக்கு மச்சான், மனசு வரல.”