பரண்மேல் கேட்ட ஓட்டு

— காலைக் கொஞ்சம் சும்மா வை அக்கா. பரணே ஆடுது.

— ஆடட்டும். நான் மான் பார்க்கவா வந்தேன்? உன்னைப் பார்க்க வந்தேன். போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிற. வீட்டுக்கு வந்தா பின்பக்கமா கொட்டகைக்கு நழுவிடுற. மான் வேட்டை தொடங்குற முதல் நாள் காலையில மட்டும்தான் வெர்லின் ஹௌகன் இருந்த இடத்தை விட்டு நகர மாட்டான்.

— மெதுவா பேசு ஆர்லிஸக்கா. உன் குரலைக் கேட்டா விஸ்கான்சின்ல ஒரு மான் மிஞ்சாது. எல்லாம் ஆத்தைத் தாண்டி மினசோட்டாவுக்குப் போயிடும்.

— போகட்டும். நான் சொல்றதைக் கேளு. திங்கட்கிழமை கவுண்டி சபை ஓட்டுல நீ எந்தப் பக்கம்?

— அது சரி. இன்னும் விடியவே இல்ல, அதுக்குள்ள ஆரம்பிச்சாச்சு. பிளாஸ்க்கை இப்படிக் கொடு.

— இந்தா. பிராந்தி ஊத்தல. உன் கையில துப்பாக்கி இருக்கு.

— என்னைப் பத்தி ரொம்ப நல்ல அபிப்பிராயம் உனக்கு.

— கேளுடா. சபையில பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம். நீ கை தூக்கினா இந்தக் கவுண்டி முழுக்க சோலார் பலகைக்குத் தடை. தூக்கலைன்னா அடுத்த வசந்தத்துல சோளக்காடெல்லாம் கண்ணாடிக்காடு. சுத்தி மான் தாண்ட முடியாத உசரத்துக்குக் கம்பி வேலி. ஊரே உன் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு இருக்கு. நீ என்னடான்னா வேட்டைக்கார ஆரஞ்சு கோட்டை மாட்டிக்கிட்டு மரத்துமேல ஏறி உக்காந்திருக்க.

— நான் எந்தப் பக்கம்னு உனக்கே தெரியும். அதைக் கத்துக் கொடுத்ததே நீதான். கட்சிக் கூட்டத்துல நீ எழுந்து நின்னா என்ன சொல்லுவ? "அவனவன் நிலம், அவனவன் இஷ்டம். மேடிசன்ல மாநில அரசுல உக்காந்திருக்கிறவனும் எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம், வாஷிங்டன்ல இருக்கிறவனும் சொல்ல வேண்டாம்." நீ பேசுவ, நான் நாற்காலி எடுத்துப் போடுவேன். கை வலிக்கிற வரைக்கும் தட்டுவேன். இப்ப வந்து, கம்பெனிக்கு நிலம் விட்டான்னு பேசுறாங்களே ஓரின், அவன் நிலத்துல என்ன வைக்கலாம், என்ன வைக்கக் கூடாதுன்னு நான் உத்தரவு போடணுமா?

— அது அப்ப.

— நிலம் அதே நிலம்தானேக்கா.

— நிலம் அதேதான், உலகம் மாறிடுச்சு. அரசாங்கம் வருது, அரசாங்கம் வருதுன்னு நாம முன்வாசல்ல காவல் காத்தோம். பின்வாசல் வழியா கம்பெனிக்காரன் வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போயிட்டான். சீஸ் ஆலையை மூடினது யாரு? அரசாங்கமா? எங்கயோ உக்காந்துக்கிட்டு, நம்ம ஊர்ப் பேரைக் கூடச் சரியாச் சொல்லத் தெரியாதவன். அன்னிக்கு நாம என்ன பண்ணோம்? அவன் சொத்து, அவன் இஷ்டம், வியாபாரம்னா அப்படித்தான்னு நாமளே அவனுக்கு வக்காலத்து வாங்கினோம். ஆலை போச்சு. பின்னாடியே பிள்ளைங்களும் போச்சுங்க. பள்ளிக்கூடத்தைப் பக்கத்து ஊரோட சேர்த்தாச்சு. போதகர் கூட ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் வர்றாரு. மிச்சம் இருக்கிறது இந்த மண்ணுதான். இதையும் கொடுத்துட்டு, வாசல்ல கொடியை மட்டும் பறக்க விட்டுக்கிட்டு, நாம எதைக் காப்பாத்துறவங்கன்னு சொல்லிக்கிறது?

— இது டிவியில வர்ற அந்த டை கட்டின பசங்க பேசுற பேச்சு.

— டை கட்டினவன் சொன்னா பொய்யாயிடுமா?

— பொய்யுன்னு சொன்னேனா? ஆலை மூடின அன்னிக்கு வாசல்ல நின்னவன் நான். எனக்கும் வயிறு எரியுது. ஆனா சட்டம்னு ஒண்ணை எழுதிட்டா அது நம்ம கையிலேயே தங்காது அக்கா. இன்னிக்கு ஓரினைக் கட்டிப்போட எழுதுவோம். நாளைக்கு ஏரிக்கரையில வீடு வாங்கியிருக்காங்களே சிகாகோக்காரங்க, அவங்க சபைக்கு வருவாங்க. சாணி நாறுதுன்னு சொல்லி அதே சட்டத்தைக் காட்டி உன் தொழுவத்தை மூடுவாங்க. அப்ப என்கிட்ட வந்து அழாத.

— தொழுவத்துல மாடு இருந்தாத்தானே மூடுறதுக்கு.

— சே. மறந்துட்டேன்கா. வாய் தவறி வந்துருச்சு.

— விடு. உன் அத்தான் டெல்மரே போயிட்டாரு, மாடு போனா என்ன. காலையில பால் கறக்கிற நேரத்துக்கு இன்னும் முழிப்பு வந்துருது. எழுந்து உக்காந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கேன். அவ்வளவுதான்.

— எங்க வீட்டுக்கு வான்னா வர மாட்டேங்கிற.

— பேச்சை மாத்தாத.

— மாத்தல. கொஞ்சம் அந்தப் பக்கம் பாரு. வெளிச்சம் வருது. அப்பா பாகம் பிரிச்சதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. காடு எனக்கு, வயல் உனக்கு. உன் வயல்ல சிந்தின சோளத்தைப் பொறுக்க வர்ற மானை என் காட்டுல உக்காந்து நான் சுடறேன். உனக்கு ஒரு தொடை கொடுக்கிறேன். இதைவிட நல்ல ஏற்பாடு எந்த ஊர்ல இருக்கு?

— போன வருஷம் கொடுத்தது தொடையே இல்ல. கழுத்து.

— எங்க வீட்டுல ஜோனி பொட்டலத்தை மாத்திக் கட்டிட்டா. அதுக்கு இன்னும் எத்தனை வருஷம் குத்திக் காட்டுவ?

— தம்பி, விளையாடாத. உன் ஓட்டு எனக்கு வேணும்.

— நான் ஒண்ணு கேட்கட்டுமா? போன ஞாயித்துக்கிழமை சர்ச்சு விருந்துல ஓரினைப் பார்த்தியா?

— பார்த்தேன்.

— மூலையில தனியா உக்காந்திருந்தான். அவன் கொண்டு வந்த உருளைக்கிழங்குப் பாத்திரம் வச்சது வச்சபடி இருந்துச்சு. ஒருத்தர் கரண்டி போடல. ஊர்த் தீயணைப்பு வண்டியை அத்தனை காலம் சம்பளம் வாங்காம ஓட்டினவன். உங்க வைக்கோல் கொட்டகை எரிஞ்ச அன்னிக்கு முதல்ல வந்து நின்னவன். மூடின பாத்திரத்தை அப்படியே தூக்கிட்டுப் போனான். நீயும் அதுல கை வைக்கல. நான் கவனிச்சேன்.

— எனக்குப் பசிக்கல.

— ஊர்ல எல்லாரும் கம்பெனிக்காரனுக்குக் கையெழுத்து போட்டது அவன்தான்னு பேசுறாங்க. நான் பெட்ரோல் பங்க்ல நேராவே கேட்டுட்டேன், "ஓரின், நீயா?"ன்னு. "என் நிலத்துல நான் என்ன பண்றேன்னு எவனுக்கும் பதில் சொல்ல வேண்டியதில்ல"ன்னான். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான்.

— இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே.

— அவனா? வெட்டிப் போட்டாலும் சொல்ல மாட்டான். அப்படித்தானே நாம எல்லாரும் வளர்ந்தோம். என்னைக் கேட்டிருந்தாலும் நானும் சொல்லியிருக்க மாட்டேன்.

— கேட்டா ரோஷம், கேட்கலைன்னா ஊமை. இந்த ஊர் ஆம்பிளைங்களை வச்சுக்கிட்டு என்னதான் பண்றது.

— ஓரின் எனக்கு ஒண்ணுவிட்ட தம்பியாப் பொறந்திருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்ல. சித்தப்பா பையனோட ரோட்டு விவகாரம் சபையில ஓட்டுக்கு வந்தப்ப என்ன பண்ணேன்? எழுந்து வெளிய போய் நின்னேன். ரத்த சம்பந்தம்னா நான் உள்ள இருக்க மாட்டேன். கையைத் தூக்கவும் மாட்டேன், கீழ வைக்கவும் மாட்டேன். அப்பா சபையில இருந்தப்பவும் அப்படித்தான். ஆனா ஓரின் யாரோ. அதனால உக்காந்து தொலைக்கணும்.

— தெரியும். உன் நேர்மை ஊருக்கே தெரியும். அந்த எழவு எனக்கும் தெரியும்.

— ஏன்கா இவ்வளவு கோபம்?

— கோபம் இல்லடா. நான் சொல்றதைக் கேளு. தடை வந்துட்டா கம்பெனியோட ஒப்பந்தம் தன்னால செத்துப்போயிடும். கையெழுத்து போட்ட ஆளும் தப்பிச்சுக்கும்.

— தப்பிக்கணும்னு அவன் உன்கிட்ட கேட்டானா?

— வாய் விட்டுக் கேட்க முடியுமா? நினைச்சுப் பாரு. ஒரு பையன் வர்றான். மரியாதையான பையன். வாசல்லயே பூட்ஸைக் கழட்டிட்டு வர்றான். அடுக்களை மேசையில உக்காந்து காபி குடிக்கிறான். சுவத்துல இருக்கிற போட்டோவைக் காட்டி இவரு யாரு, இது எந்த வருஷம்னு கேட்கிறான். அந்த வீட்டுல யாரும் யாரைப் பத்தியும் கேட்டு எவ்வளவோ நாளாச்சு. அடுத்த தடவை வரும்போது கேக் வாங்கிட்டு வர்றான். அதுக்கடுத்த தடவை பேனாவை எடுத்து வைக்கிறான். போகாம இன்னும் கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டுமேன்னு போட்டுடறோம். அவன் போனதும் அந்தக் கோப்பையைக் கழுவும்போதுதான் என்ன பண்ணிட்டோம்னு உறைக்கும். அப்புறம் யார்கிட்ட போய்ச் சொல்றது? என் நிலம் என் இஷ்டம்னு ஊரெல்லாம் பேசின வாயி.

— ஓரின் வீட்டுலயா காபி? அவன் நாயைத் தாண்டி எவன் உள்ள போவான்?

— ஒரு பேச்சுக்குச் சொன்னேன்டா.

— அது சரி. அழுறியா என்ன?

— குளிரு. கண்ணுல தண்ணி வருது.

— இந்தா, என் கையுறையைப் போட்டுக்க. அக்கா... ஒண்ணு சொல்றேன். என் வயசுக்கு நீ என்கிட்ட எதுவுமே கேட்டதில்ல. அத்தான் போன அன்னிக்குக் கூட எனக்குத்தான் நீ சாப்பாடு போட்டு அனுப்பின.

— அதெல்லாம் எதுக்கு இப்ப.

— கை தூக்குறேன்.

— என்ன?

— திங்கட்கிழமை. தடைக்குக் கை தூக்குறேன். மனசார இல்ல. அது தப்புன்னுதான் இன்னும் நினைக்கிறேன், எழுந்து நின்னு அதையும் சொல்லிட்டுத்தான் தூக்குவேன். நீ கேட்டதுக்காக. ஆனா ஒண்ணு. நாளைக்குச் சர்ச்சு விருந்துல நீ போய் ஓரின் பக்கத்துல உக்காரணும். எல்லாரும் பார்க்கிற மாதிரி. அவனோட பாத்திரத்துல இருந்து நீதான் முதல்ல எடுத்துச் சாப்பிடணும். அவன் என்ன பண்ணியிருந்தாலும் சரி. நிலத்துக்காக ஒரு மனுஷனைத் தள்ளி வைக்கிற ஊரைக் காப்பாத்தி எனக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

— இந்தா உன் கையுறை. உனக்குக் குளிரும்.

— சரியா? நேரா பதில் சொல்லு.

— வெர்லின்...

— உஷ். அசையாத.

— என்னடா?

— வயல் ஓரத்துல. உன் வேலிக்கல்லுக்கு இடது பக்கம். மெதுவா திரும்பு. கலைமான். கொம்பைப் பாரு... அம்மாடி.

— பார்க்கிறேன். சோளம் பொறுக்குது.

— என்ன அழகு. இன்னும் முழுசா வளரல. நாம இருக்கிறதே அதுக்குத் தெரியல.

— துப்பாக்கியை ஏன் இறக்கிட்ட?

— விட்டுடறேன். இளசு. அடுத்த வருஷம் வரட்டும், கொம்பு இன்னும் ரெண்டு கிளை விட்டிருக்கும். இந்த வயலை விட்டு அது எங்க போயிடப் போகுது?

— சுடு.

— அவசரம் என்னக்கா? அடுத்த வருஷம் உனக்கு நிஜமாவே தொடை கொடுக்கிறேன், போதுமா.

— அடுத்த வருஷம் என் வயலைச் சுத்தி வேலி இருக்கும்டா. சுடு.

— எப்படி இருக்கும்? அதான் கை தூக்குறேன்னு சொல்லிட்டேனே.

— நீ தூக்க முடியாது தம்பி. திங்கட்கிழமை நீ எழுந்து வெளிய போய் நிக்கணும்.