முதல்ல உக்கார வைக்கணும்

— அக்கா, நீ உக்காந்திருக்கியா?

— எங்கடா உக்கார? இப்பத்தான் தொத்துவியாதி வார்டுலேர்ந்து வந்து ரப்பர் பூட்ஸைக் கழுவிட்டு இருக்கேன். கடல் தாண்டிப் பயிற்சிக்கு அனுப்புறாங்கன்னு பார்க்குறவங்ககிட்டல்லாம் பீத்திக்கிட்டீங்களே, வந்து பாரு உங்க சுகாதார அதிகாரி லட்சணத்தை! அம்மாகிட்ட குடு.

— அதெல்லாம் அப்புறம் கழுவிக்கலாம்க்கா. கொஞ்சம் உக்காரேன்.

— சரி, வாளியைக் கவுத்துப் போட்டு உக்காந்தாச்சு. சொல்லுங்க மகாராஜா.

— பக்கத்துல யாராவது இருக்காங்களா? உன் ரூம்ல இருக்குற பொண்ணு?

— குளிக்கப் போயிருக்கா. என்னடா மண்டு, என் வேலையை எங்கிட்டயே காட்டுறியா? வார்டுல செத்தவங்க வீட்டுக்குத் தகவல் சொல்லப் போறப்ப நான் கேக்குறதாச்சே இது. முதல்ல உக்கார வைக்கணும், அப்புறம் பக்கத்துல ஆள் இருக்கான்னு பாக்கணும்.

— அது வந்து... கிளம்புறதுக்கு முன்னாடி எங்களை வச்சுத்தானேக்கா பழகிப் பாத்த.

— ஆமா! நீ செத்தவன்னு கட்டில்ல படுத்துக்கிட்டு கிக்கிக்கின்னு சிரிச்ச. அம்மாவை அழச் சொன்னா, என்னையப் பாத்து, "வெயில்ல வந்திருக்கியே, சாப்பிட்டியாம்மா?"ன்னு கேட்டாங்க. எங்க அவங்க? போன தடவை பேசுனப்பவே மூச்சு வாங்குச்சு. மாடி ஏறி வந்தாங்களாம்.

— மாடியெல்லாம் ஏறலக்கா. நீ போனதுலேர்ந்தே படுக்கைதான். ஆஸ்பத்திரியில பாத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாங்க. உனக்குத் தெரிஞ்சா பாதியில ஓடி வந்துருவேன்னு அம்மாதான் என் வாயைக் கட்டிப் போட்டுட்டாங்க.

— அடப்பாவி! இப்ப எப்படி இருக்காங்க?

— அது வந்துக்கா...

— இழுக்காதடா. அன்னிக்குப் பழகுறப்ப மூணாவதா என்ன சொன்னேன்? தவறிட்டாங்க, போயிட்டாங்கன்னு மழுப்பக் கூடாது. அந்த வார்த்தையை நேரா சொல்லணும். சொல்லு.

— என்னால முடியலக்கா.

— நான் சொல்றேன்ல தினமும்? பாஷை தெரியாத ஜனங்ககிட்ட, எடுத்துச் சொல்ல ஒரு ஆளைப் பக்கத்துல வச்சுக்கிட்டு. சொல்லுடா தம்பி.

— அம்மா இறந்துட்டாங்கக்கா... அக்கா? லைன்ல இருக்கியா?

— இருக்கேன். எப்போ?

— இப்பத்தான்.

— ஏதாவது சொன்னாங்களா?

— நீ சாப்பிட்டியான்னு கேக்கச் சொன்னாங்க.

— ஐயோ அம்மா... யார் யாரோ பெத்தவங்க கையையெல்லாம் புடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேனே, எங்கம்மா கையைப் புடிக்க நான் இல்லாமப் போயிட்டேனே! சித்தி வந்துட்டாங்களா?

— இன்னும் யாருக்கும் சொல்லல. உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு.

— யாருக்குமேவா? டேய்... நீ உக்காந்திருக்கியாடா? உன் பக்கத்துல யாரு இருக்கா?

— உக்காந்துதான் இருக்கேன்க்கா. பக்கத்துல அம்மா இருக்காங்க.