நான் கைய எடுத்தா எல்லாம் படுத்துரும்

...மீட்டிங் போட்டு எந்த மெஷினுண்ணே எழுந்து நின்னிருக்கு? நீங்களே சொல்லுங்க! அட, அந்தக் கூரியர் பையைக் கீழ வைங்க. இன்னிக்கு கையெழுத்துப் போட்டு வாங்க ஒருத்தரும் வரமாட்டாங்க. ஸ்ட்ரைக்கு! அந்தா, கேட்டுக்கிட்ட கொடியோட நிக்கிறாரே, அவருதான் எங்க யூனியன் தலைவர். நானா? நான் சர்வர் பாக்குறவ. கம்பெனியோட மெயிலு, பில்லு எல்லாம் ஓடுற மெஷினு. அது படுத்தா எழுப்புறது என் வேலை. பெத்த புள்ளையாவது வளர்ந்தா தானா எழுந்திரிக்கும்!

இந்த புரோகிராம் எழுதுறவங்க இருக்காங்களே... வெள்ளிக்கிழமை சாயங்காலம் புதுசா ஒண்ணை ஏத்திவிட்டுட்டு ஜாலியா கிளம்பிருவாங்க. சனிக்கிழமை அது மெஷினைப் படுக்க வச்சா யாரு மாரடிக்கிறது? நாந்தான்! இதுல எங்க டீம்ல மூணு பேரை வீட்டுக்கு வேற அனுப்பிட்டாங்கண்ணே. கேட்டா, "இப்பல்லாம் சாஃப்ட்வேரே தானா பாத்துக்கும்"கிறாரு மேனேஜரு. மெயில்ல ஒரு போட்டோ சேத்து அனுப்பத் தெரியாது மனுஷனுக்கு!

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! யூனியன் கூட்டத்துல எந்திரிச்சு, "நான் ஒருத்தி கைய எடுத்தா மத்தியானத்துக்குள்ள எல்லாம் படுத்துரும், மூணு பேரையும் தானா கூப்பிடுவாங்க"ன்னு மார்தட்டிட்டேன். என்ன கைதட்டு! என்னை நம்பித்தாண்ணே இத்தனை பேரும் வெயில்ல காயுறாங்க.

மணி என்ன... மூணா? இன்னுமா படுக்கலை? ஜன்னல்ல பாருங்க, மேனேஜரு காபி குடிச்சுக்கிட்டு சிரிக்கிறாரு!

இருங்க, மொபைல்ல பாக்குறேன். சும்மா பாக்குறதுதான், இது வேலையில்ல... ஆங், காலையிலயே படுத்திருக்கு! உடனே எழுந்தும் இருக்கு. யாரு எழுப்புனது? எந்தக் கருங்காலி?

ஐயய்யோ. அண்ணே... நாந்தான்! நான்னா நான் இல்ல, என் புரோகிராமு! நிம்மதியா ஒரு வாய் சாப்பிட முடியலையேன்னு எழுதி வச்சது. மெஷினு படுத்தா அதுவே எழுப்பும். மேனேஜரு "அவசரம்"னு மெயில் போட்டா, என் பேர்லயே "பாத்துக்கிட்டே இருக்கேன் சார்"னு பதில் போகும். கொஞ்சம் கழிச்சு "சரி பண்ணிட்டேன் சார்"! அவ்வளவு நல்லா எழுதியிருக்கேண்ணே, ஒரு பிசிறு கிடையாது! அதை நிறுத்தத்தான் மறந்துட்டேன்.

இப்ப நிறுத்தலாம்தான். அதுக்கு லாகின் பண்ணணுமே! பண்ணா வேலைக்கு வந்த மாதிரி. நிறுத்துனாலும் கருங்காலி, நிறுத்தாட்டியும் கருங்காலி! சிரிக்காதீங்கண்ணே... எனக்கே சிரிப்பு வருது!

இருங்க, மேனேஜர் மெயிலு. எல்லாருக்கும் போட்டிருக்காரு. "ஸ்ட்ரைக் அன்னிக்கும் கடமை தவறாத ஒரே ஊழியர்"... நாந்தானாம்! தலைவரு மொபைலை எடுத்துட்டாரு... படிக்கிறாரு... இங்க பாக்குறாரு! போய்ச் சொல்லிரவா, வேலை பாத்தது நான் இல்ல, அதுவா ஓடுதுன்னு? சொன்னா, "சாஃப்ட்வேரே தானா பாத்துக்கும்"னு மேனேஜரு சொன்னது நெசம்னு ஆயிருமே! அப்புறம் அந்த மூணு பேரு கதி? நாலாவதா நான்!

அடப்பாவி, பாராட்டுனா போறதுக்கும் ஒரு பதில் எழுதி வச்சேனே, அது வேற போகுதுண்ணே! எல்லாருக்கும் போகுது! "இதுல என்ன சார் இருக்கு, என் கடமை. நாளைக்கும் கூப்பிடுங்க சார்."

அண்ணே... வண்டிய ஏன் ஸ்டார்ட் பண்றீங்க? அண்ணே! பின்னாடி நானும் ஏறிக்கிறேண்ணே!